பண்டமாற்றும் உரையாடலும்: தமிழில் நவீனச் சீனச் சிந்தனை

முன்னுரை

மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதையில், மரக்கலம் கவிழ்ந்து நக்கசாரண நாகர் வாழும் மலைப்பக்கத்தை அடைகிறான் சாதுவன். அவனைக் கொல்ல வந்தோர் கொல்லாது விட்டமைக்கு அவனது செல்வமோ வலிமையோ காரணமன்று. அவர்தம் மொழியை அவன் கற்றிருந்தான் என்பதே காரணம். மொழி அறிந்தவனாதலின் அவன் நாகர் தலைவனிடம் அழைத்துச் செல்லப்படுகிறான். கள்ளையும் ஊனையும் மறுக்கிறான். உடம்பை விட்ட உயிர் எங்குச் செல்லும் என்னும் வினாவுக்கு விடை கூறுகிறான். பிற மொழியினரோடு நிகழ்ந்த மெய்யியல் உரையாடலைக் கதைப்படுத்தும் பழைய தமிழ்ப் பகுதிகளுள் இது முதன்மையானது. இந்நாகர் வாழிடத்தை நிக்கோபார்த் தீவுகளோடு இணைத்துக் காண்போரும் உளர். அத்தீவுகளே முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் எனக் குறிக்கப்பெறுகின்றன.

இதே தீவுகளைப் பற்றிய சீனக் குறிப்பொன்றும் உண்டு. கி.பி. 671இல் கடல்வழியாக இந்தியாவுக்குப் புறப்பட்ட பௌத்தத் துறவி யி ஜிங், கடாரத்திற்கு வடக்கே பத்து நாளுக்கு மேற்பட்ட கடற்பயணத்தில் 'ஆடையற்றோர் நாடு' ஒன்று இருந்ததாக எழுதியுள்ளார். அது நிக்கோபாரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அம்மக்கள் படகுகளில் வந்து தேங்காயும் வாழைப்பழமும் பிரம்புப் பொருள்களும் தந்து இரும்பு பெற்றனர். இரண்டு விரல் அளவு இரும்புக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய்கள் கிடைத்தன. இரும்பைக் குறிக்கும் சொல்லும் தேங்காயின் விலையும் அவரது ஏட்டில் பதிவாயின. அம்மக்கள் என்ன எண்ணினர் என்பது பதிவாகவில்லை.

ஒரே தீவுக்கூட்டத்தோடு தொடர்புறுத்தப்படும் இவ்விரு பகுதிகளும் பண்பாட்டுத் தொடர்பின் இரு வகைகளைக் காட்டுகின்றன. ஒன்று மொழி அறியாப் பண்டமாற்று. மற்றொன்று மொழி அறிந்த உரையாடல். தமிழகத்திற்கும் சீனத்திற்கும் இடையிலான நெடிய உறவு இவ்விரண்டில் எதனைச் சார்ந்தது என்பதையும், இருபதாம் நூற்றாண்டுச் சீனச் சிந்தனை தமிழுக்கு வந்த வழிகள் அதனை எவ்வாறு உருமாற்றின என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பொருள்கள் வந்த வழி

தமிழில் 'சீனம்' என்னும் பெயரடை ஏற்ற சொற்களைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். சீனி, சீனாக்கற்கண்டு, சீனாக்காரம், சீனவெடி, சீனச்சட்டி என வழங்குவன யாவும் பண்டங்களின் பெயர்கள். அடுக்களையிலும் அங்காடியிலும் சீனம் உண்டு. அறிவுத்துறைக் கலைச்சொற்களில் அதன் சுவடு மிக அரிது. வடமொழி, பாரசீகம், போர்த்துக்கேயம், ஆங்கிலம் ஆகியவற்றிலிருந்து பண்டப்பெயர்களோடு கருத்துப்பெயர்களும் தமிழுக்கு வந்துள்ளமையை இதனோடு ஒப்பிட வேண்டும்.

இலங்கையின் காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு இந்நிலையைக் கல்லிலேயே காட்டுகிறது. மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் பயணத்தோடு தொடர்புடைய அக்கல்வெட்டு 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் அமைந்தது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் எனக் காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் ஏறத்தாழ ஒத்திருக்கிறது. ஆனால் அக்காணிக்கையைப் பெறும் தெய்வம் மொழிக்கு மொழி வேறுபடுகிறது. சீனப் பகுதி புத்தரைப் போற்ற, தமிழ்ப் பகுதி தென்னாவர நாயனாரைப் போற்ற, பாரசீகப் பகுதி இசுலாமிய நெறியில் இறைவனைப் போற்றுகிறது. பண்டங்கள் பெயர்க்கப்பட்டன, நம்பிக்கைகள் பெயர்க்கப்படவில்லை, பதிலீடு செய்யப்பட்டன. ஒவ்வொரு மொழியினருக்கும் அவரவர் அறிந்ததையே திருப்பிச் சொன்ன இம்முறை அரசியல் நயமுடையதே. எனினும் மூன்று மொழியினரும் பிறர் என்ன நம்பினர் என்பதை அக்கல்லைப் படித்து அறிந்திருக்க இயலாது. இப்பதிலீட்டு முறை நவீனக் காலத்திலும் தொடர்ந்தது.

2. மொழிபெயர்ப்பால் உருவான நவீனச் சீனம்

நவீனச் சீனச் சிந்தனை மொழிபெயர்ப்பிலேயே பிறந்தது எனலாம். யான் ஃபூ (1854-1921) ஹக்ஸ்லியின் பரிணாமமும் அறமும் பற்றிய நூலைச் சீனத்தில் பெயர்த்து 1898இல் வெளியிட்டார். அதன் முன்னுரையில் மொழிபெயர்ப்புக்குரிய மூன்று அருமைகளாக ஷின், தா, யா என்பவற்றை அவர் வகுத்தார். மூலத்துக்கு உண்மையாதல், படிப்பவரைச் சென்றடைதல், நடை நயமுடையதாதல் என்று அவற்றைத் தமிழில் கூறலாம். தொல்காப்பிய மரபியல் வழிநூலின் நால்வகையுள் ஒன்றாக மொழிபெயர்ப்பைக் கொண்டு, அதனை 'அதர்ப்பட யாத்தல்' என்னும் அடையோடு சுட்டுகிறது. அதர் என்பது வழி. பெயர்க்கும் மொழியின் நெறியில் நின்று யாத்தலே தமிழிலக்கணம் வற்புறுத்துவது. யான் ஃபூவின் பின்னிரண்டு கூறுகள் இதனுள் அடங்கும். மூலத்துக்கு உண்மையாதல் என்னும் முதற்கூறு அவரது பட்டியலில் தலைமை பெறுவதும், தமிழ் வரையறையில் வெளிப்படச் சொல்லப்படாததும் நோக்கத்தக்கன.

மெய்யியலைக் குறிக்கச் சீனத்தில் இன்று வழங்கும் சொல்லும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சப்பானிய அறிஞர் நிஷி அமானே ஆக்கிய சொல்லாட்சியின் வழிவந்ததே. கன்பூசியமும் தாவோயியமும் 'மெய்யியல்' ஆகுமா என்னும் வினாவே இச்சொல் வந்தபின் எழுந்தது. தத்துவம் என்னும் வடசொல்லுக்கும் மெய்யியல் என்னும் தமிழாக்கத்துக்கும் இடையே தமிழ்க் கல்விப்புலத்தில் நிகழ்ந்த விவாதத்தோடு இது நெருங்கிய ஒப்புமை உடையது.

1915இல் சென் துசியூ தொடங்கிய புத்திளைஞர் இதழ், 1917இல் ஹூ ஷி முன்வைத்த இலக்கியச் சீர்திருத்தம், 1918இல் வெளிவந்த லூ சுன்னின் பைத்தியக்காரன் நாட்குறிப்பு, 1919 மே 4இல் வெடித்த மாணவர் எழுச்சி ஆகியன ஒரே இயக்கத்தின் படிகள். பழமரபை ஏற்பதா துறப்பதா, எழுதும் மொழி பண்டையதா பேசுவதா, அறிவியலும் மக்களாட்சியும் இந்நாட்டில் வேரூன்றுமா என்பனவே அதன் வினாக்கள். மறைமலையடிகளின் தனித்தமிழ் முயற்சி 1916இலும், குடி அரசு இதழ் 1925இலும் தோன்றின என்பதை நினைவுகூர்ந்தால், ஏறத்தாழ ஒரே காலத்தில் இரு நிலங்களில் ஒத்த வினாக்கள் எழுந்தமை விளங்கும். 1920-21இல் பெய்ஜிங்கில் உரைகள் நிகழ்த்திய பெர்ட்ரண்ட் ரஸ்ஸலைச் சீன இளைஞர் நேரில் கேட்டனர். அதே ரஸ்ஸலின் சமய மறுப்பு உரையைச் சுயமரியாதை இயக்கத்தார் பின்னர்த் தமிழில் வெளியிட்டனர். இரு சாராரும் இங்கிலாந்தின் அறிஞரை அறிந்த அளவு ஒருவரை ஒருவர் அறியவில்லை.

3. முரண்பாடு: ஒரு சொல்லின் பயணம்

நவீனச் சீனம் தமிழுக்கு முதலில் அரசியல் வாயிலாக வந்தது. இரங்கூனில் ஜோதி இதழை நடத்தி, 1942இல் போர்ச்சூழலில் கால்நடையாகத் தாயகம் திரும்பிய வெ. சாமிநாத சர்மா (1895-1978), சன் யாட் சென் வரலாற்றையும் சீன வரலாற்றையும் தமிழில் எழுதினார். விடுதலைக்குப் போராடும் நாட்டுக்கு முன்மாதிரியாகச் சீனம் அவ்வெழுத்துகளில் அமைந்தது. அடுத்து இடதுசாரிப் பதிப்புகள் மாவோவின் கட்டுரைகளைத் தமிழாக்கின. 1937இல் எழுந்த நடைமுறை பற்றியும் முரண்பாடு பற்றியுமான இரு கட்டுரைகள் தமிழ் வாசகர் மிகுதியாக அறிந்த நவீனச் சீன மெய்யியல் எழுத்துகளாகும்.

இவை ஆங்கிலவழி வந்தவை. எனினும் அவற்றின் தலைமைச் சொல்லில் எதிர்பாராத ஒரு நிகழ்வு காணப்படுகிறது. முரண்பாட்டைக் குறிக்கும் சீனச் சொல் மாவ்துன். ஈட்டி, கேடயம் என்னும் இரு சொற்களின் சேர்க்கை அது. எக்கேடயத்தையும் துளைக்கும் ஈட்டியையும், எவ்வீட்டியாலும் துளைக்கப்படாத கேடயத்தையும் ஒருவனே விற்றான். அவ்வீட்டியால் அக்கேடயத்தைக் குத்தினால் என்ன ஆகும் என வினவியபோது விடையின்றி நின்றான். ஹான் ஃபெய்சி நூலில் இடம்பெறும் இக்கதையிலிருந்தே சொல் பிறந்தது. இதற்கு நேராக ஆங்கிலம் ஆண்ட சொல்லின் வேர்ப்பொருள் 'எதிர்த்துச் சொல்லுதல்' என்பது. ஆயுதங்கள் மறைந்து, பேச்சு மட்டும் எஞ்சியது.

அவ்வாங்கிலச் சொல்லுக்குத் தமிழர் அமைத்த சொல் முரண்பாடு. சங்க இலக்கியத்தில் முரண் என்பது மாறுபாட்டோடு போரையும் வலிமையையும் பகையையும் குறிக்கும். யாப்பில் முரண்தொடையாக அழகும் தரும். எதிரெதிர்ப் பொருள்கள் கூடி நிற்பதே முரண்தொடை. மாவோவின் கட்டுரையும் எதிர்க்கூறுகளின் கூடிநிற்றலையே விளக்குகிறது. ஆங்கிலத்தில் உதிர்ந்த போர்ப்பொருளும், எதிர்மைகள் ஒருங்கு நிற்கும் பொருளும் தமிழ்ச் சொல்லில் மீண்டும் வந்து சேர்ந்தன. மொழிபெயர்ப்பாளர் இதனைக் கருதிச் செய்தனர் என்பதற்கில்லை. தமிழின் சொல்வளமே அதனைச் செய்தது. எனின், சீன மூலத்தை அறிந்து செய்யப்படும் தமிழாக்கம் இத்தகைய பொருத்தங்களைத் தேர்ந்தெடுத்துக் கையாள இயலும் என்பது இதனால் பெறப்படும்.

4. இரு நடைகளின் மறைவு

லூ சுன்னைத் தமிழுக்குத் தந்தோருள் இலங்கையின் கே. கணேஷ் (1920-2004) தலையாயவர். முல்க் ராஜ் ஆனந்தின் நாவலைத் 'தீண்டாதான்' எனப் பெயர்த்த அவர், லூ சுன்னின் கதைகளைப் 'போர்க்குரல்' என்னும் தொகுப்பாகத் தந்தார். முற்போக்கு இலக்கிய அணி உலகெங்கும் தன் உறவினரைத் தேடிய காலத்தில் அம்முயற்சி நிகழ்ந்தது. ஆதலின் லூ சுன் புரட்சி எழுத்தாளராகவே இங்கு வரவேற்கப்பட்டார்.

அவரது முதன்மை வினா தமிழ்த் திறனாய்வில் உரிய இடம் பெறவில்லை. பைத்தியக்காரன் நாட்குறிப்பில் வரும் மனிதன், அறமும் நற்பண்பும் பேசும் வரலாற்று ஏடுகளின் வரிகளுக்கிடையே மனிதரைத் தின்னும் வழக்கத்தைக் காண்கிறான். தானும் அறியாமல் அதில் பங்குகொண்டிருக்கலாம் என அஞ்சுகிறான். ஒடுக்குவோரை மட்டும் சுட்டாமல், மரபினுள் வளர்ந்த தன்னையும் குற்றக்கூண்டில் ஏற்றுவதே லூ சுன்னின் தனித்தன்மை. சாதியத்தையும் புராண மரபையும் விசாரணைக்கு உட்படுத்திய பெரியாரின் எழுத்தோடு இதனை வைத்துப் படிப்பது ஒற்றுமைகளை மட்டுமன்றி வேற்றுமைகளையும் காட்டும். பெரியாரின் குரல் வெளிநோக்கிய அறைகூவல். லூ சுன்னின் குரல் உள்நோக்கிய ஐயம்.

இக்கதையின் வடிவமும் கருத்தின் பகுதியாகும். நோயாளி குணமடைந்து அரசுப் பணி தேடிச் சென்றுவிட்டான் என்று தெரிவிக்கும் முன்னுரை பண்டை இலக்கிய நடையான வென்யானில் அமைந்துள்ளது. நாட்குறிப்போ பேச்சுநடை தழுவிய பைஹுவாவில் அமைந்துள்ளது. பண்டை நடையில் பேசுவோர் தெளிந்த அறிவினர். மக்கள் நடையில் பேசுவோன் பித்தன். ஆனால் உண்மை பித்தனிடமே உள்ளது. இந்நடை வேறுபாட்டைக் காட்டுவதற்கு ஆங்கிலத்தில் இயல்பான கருவி இல்லை. அம்மொழிபெயர்ப்புகளில் அது பெரும்பாலும் மங்கிவிடுகிறது. தமிழிலோ செந்நடைக்கும் பேச்சுநடைக்கும் இடையிலான பிளவு ஈராயிரமாண்டு இலக்கணத்தின் பின்புலம் உடையது. உரையாசிரியர் நடையில் முன்னுரையும் பேச்சுநடையில் நாட்குறிப்பும் அமையுமாயின், தமிழ் வாசகர் அக்கதையின் அடியைச் சீன வாசகரைப் போலவே வாங்குவர். ஆங்கிலம் இழந்ததைத் தமிழ் காக்க வல்லது. ஆனால் ஆங்கிலத்தையே மூலமாகக் கொள்பவர்க்கு அவ்விழப்பு கண்ணில் படுவதில்லை.

5. காலமற்ற ஞானமாகிய சீனம்

இரண்டாம் வாயில் பழைய ஞானம். 'நடை' இதழின் வழி அறியப்பட்ட கவிஞர் சி. மணி, லாவோ ட்சுவின் நூலைத் 'தாவோ தே ஜிங்' எனத் தமிழாக்கினார், க்ரியா வெளியிட்டது. சொற்செட்டுக்குப் பெயர்பெற்ற புதுக்கவிஞரின் கை அந்நூலுக்குப் பொருத்தமானதே. தலைப்பை மூல ஒலியிலேயே நிறுத்தியது கருத்துடைய முடிவு எனலாம். சீனத்தில் தாவோ என்பதற்கு வழி என்பதோடு சொல்லுதல் என்றும் பொருளுண்டு. தமிழில் நெறி, ஆறு, அதர் என வழியைக் குறிக்கும் சொற்கள் பல இருப்பினும், சொல்லுதலையும் உடன் சுட்டும் சொல் எளிதில் அமைவதில்லை.

குறை மொழிபெயர்ப்பில் இல்லை. அது வாசிக்கப்பட்ட சூழலில் உள்ளது. லாவோ ட்சு தமிழில் வரலாற்றுக்கு அப்பாற்பட்ட முனிவராக, பெரும்பாலும் ஜென் நூல்களோடு சேர்த்து, மன அமைதிக்கான வாசிப்பாகக் கொள்ளப்பட்டார். சீனத்திலோ அந்நூல் நவீனக் காலத்தின் கடும் பதிப்பு விவாதத்துக்கு உரியது. 1973இல் ஹூநான் மாநிலத்து மவாங்துய் கல்லறையில் கிடைத்த பட்டுச்சுவடிகளில் நூலின் பிற்பகுதி முன்னும் முற்பகுதி பின்னுமாக அமைந்திருந்தன. 1993இல் குவோதியனில் கிடைத்த மூங்கிற்பட்டிகைகள் நூலுருவாக்கம் பற்றிய புதிய வினாக்களை எழுப்பின.

இதற்கும் முன்னரே கு ஜியேகாங் (1893-1980) தலைமையில் பழமையை ஐயுறும் ஆய்வுப்பள்ளி உருவாயிற்று. பண்டை அரசர் பற்றிய செய்திகள் பிற்காலத்தில் அடுக்கடுக்காக ஏற்றப்பட்டவை என்பது அவரது கொள்கை. 1926 முதல் 1941 வரை ஏழு தொகுதிகளாக அவ்விவாதங்கள் வெளிவந்தன. ஏறத்தாழ அதே தலைமுறையினரான எஸ். வையாபுரிப்பிள்ளை (1891-1956) தமிழ் நூல்களின் காலத்தைப் பின்தள்ளியபோது எழுந்த எதிர்ப்பு தமிழுலகம் அறிந்ததே. பழமை ஓர் இனத்தின் தன்மதிப்புக்கு அடிப்படையாக இருக்கும்போது அதனை ஐயுறும் அறிஞர் பகைவரா, அன்றி அப்பழமைக்கு உறுதியான அடித்தளம் தேடுவோரா என்னும் வினா இரு நாடுகளுக்கும் பொதுவானது. லாவோ ட்சுவை அறிந்த தமிழ்க் கல்விப்புலம் கு ஜியேகாங்கை விவாதித்திருப்பின், வையாபுரிப்பிள்ளை பற்றிய மதிப்பீடு தனிமனிதர் நோக்கத்தை ஆராய்வதோடு நில்லாமல் முறையியல் விவாதமாக வளர்ந்திருக்கக்கூடும்.

6. வெட்டப்பட்ட வாதம்

மூன்றாம் வாயில் உலகப் புத்தகச் சந்தை. ஜியாங் ரோங் 2004இல் வெளியிட்ட நாவல், ஹோவர்ட் கோல்ட்பிளாட்டின் ஆங்கிலத்தில் 2008இல் வந்து, சி. மோகனின் தமிழாக்கத்தில் 'ஓநாய் குலச்சின்னம்' ஆயிற்று. பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் உள்மங்கோலியப் புல்வெளிக்கு வரும் பெய்ஜிங் மாணவன் சென் ஜென், ஓநாய்க்கும் மேய்ச்சல் மக்களுக்கும் இடையிலான உறவைக் கற்பதே கதை. தமிழில் இது சூழலியல் நாவலாகப் பரவலான வரவேற்பைப் பெற்றது. அவ்வரவேற்பு தகுதியுடையதே.

ஆயினும் சீன மூலத்தின் இறுதியில் நீண்ட உரையாடல் வடிவக் கட்டுரை ஒன்று உண்டு. வேளாண்மை சீன இனத்தை ஆட்டின் இயல்புடையதாக்கிற்று, புல்வெளி மக்களின் ஓநாய் இயல்பே அதற்கு அவ்வப்போது உயிரூட்டிற்று என்று அது வாதிடுகிறது. சீனத்தில் நாவல் கிளப்பிய பெரும் விவாதத்துக்கு இவ்வாதமே மையம். வன்மையைப் போற்றும் இன அரசியல் இதில் உள்ளது எனக் கண்டித்தோரும் உளர். லூ சுன் எழுப்பிய இனப்பண்பு பற்றிய வினாவின் நெடுந்தொடர்ச்சியாகவும் அது காணத்தக்கது. ஆங்கிலப் பதிப்பு அக்கட்டுரையை நீக்கிவிட்டது. ஆகவே ஆங்கிலத்தைத் தழுவிய தமிழ் வாசிப்புக்கு அது எட்டவில்லை. கதை வந்தது, கதை எதற்காக எழுதப்பட்டதோ அவ்வாதம் வரவில்லை. தமிழ் வாசகர் அதனை ஏற்றிருப்பரா மறுத்திருப்பரா என்பது வேறு. ஏற்கவோ மறுக்கவோ உள்ள வாய்ப்பை இலண்டன், நியூயார்க் பதிப்பகங்களின் முடிவு வரையறுத்தது என்பதே கருதத்தக்கது.

7. சீனம் கண்ட இந்தியா

இவ்வரையறையால் தமிழுக்கு நேரும் இழப்பு வாசிப்பின்பத்தோடு முடிவதன்று. லியாங் ஷூமிங் (1893-1988) பெய்ஜிங் பல்கலைக்கழகத்தில் 1917 முதல் இந்திய மெய்யியல் கற்பித்தார். கீழை மேலைப் பண்பாடுகளையும் அவற்றின் மெய்யியல்களையும் ஒப்பிட்டு அவர் எழுதிய நூல் 1921இல் வெளிவந்தது. மேலைநாடு விருப்பத்தை நிறைவேற்ற முன்னோக்கிச் செல்கிறது. சீனம் விருப்பத்தைச் சமன் செய்கிறது. இந்தியா விருப்பத்திலிருந்து பின்திரும்புகிறது என்பது அவர் வகுத்த முப்பிரிவு. அவர் கண்ட இந்தியா பெரிதும் பௌத்த ஏடுகளின் வழி வந்த துறவு இந்தியா.

அகமும் புறமும் எனக் காதலையும் போரையும் வாழ்வின் பொருளாக வகுத்த, அறம் பொருள் இன்பம் என இல்வாழ்வை நடுவே நிறுத்திய தமிழ் மரபு இம்முப்பிரிவினுள் அடங்காது. அது லியாங்கின் வகைப்பாட்டையே திருத்தக்கூடிய சான்று. அச்சான்றை எடுத்துரைக்கத் தகுதியுடையது தமிழ்த்துறையே. ஆனால் ஒருவரது நூலைப் படியாமல் அவர்க்கு மறுமொழி கூற இயலாது. வங்காளத்தில் 1937இல் சாந்திநிகேதனில் சீனபவனம் நிறுவப்பட்டு, இந்தியாவைப் பற்றிய சீன உரையாடலில் ஒரு குரல் சேர்ந்தது. தமிழுக்கு அத்தகைய இருக்கை அமையவில்லை. சீனமோ 1963இல் வானொலித் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது முதல் தமிழ் கற்ற சீனர்களைத் தொடர்ந்து உருவாக்கி வந்துள்ளது.

8. நேர்வழியின் தொடக்கம்

மாற்றுவழிக்குச் சான்று இல்லாமல் இல்லை. பயணி என்னும் பெயரில் எழுதும் ஸ்ரீதரன் மதுசூதனன், தூதரகப் பணியின்போது சீனம் கற்று, தமிழர்க்கென அம்மொழி அறிமுக நூல் எழுதினார். பின்னர் ஷிஜிங் பாடல்களைச் சீனத்திலிருந்தே தெரிந்தெடுத்துப் பெயர்த்து 'வாரிச் சூடினும் பார்ப்பவரில்லை' என வெளியிட்டார். அந்நூலைக் 'கவித்தொகை' என அழைத்து, சீனாவின் சங்க இலக்கியம் எனச் சுட்டியது பொருள் பொதிந்தது. கலித்தொகையை நினைவூட்டும் அப்பெயர், ஆங்கிலத்தின் இடையீடு இல்லாதபோது தமிழ் மரபே ஒப்பீட்டுக்கு அளவுகோலாவதைக் காட்டுகிறது. இஃது அதர்ப்பட யாத்தலின் இக்காலச் சான்று. அம்முறை நவீன மெய்யியலுக்கும் விரிய வேண்டும் என்பதே எஞ்சிய தேவை.

பெயரெழுத்து முறையும் உடனடிக் கவனத்துக்கு உரியது. மாசேதுங், மாவோ, மாஓ எனவும், லூசுன், லூ ஷுன், லூ சுன் எனவும் ஒருவரே பலராக நூலகப் பட்டியல்களில் காணப்படுகின்றனர். ஆங்கில எழுத்தின் பழைய முறையையும் புதிய பின்யின் முறையையும் மாறிமாறிப் பின்பற்றியதன் விளைவு இது. வடசொல்லைத் தமிழ் எழுத்துக்கு இயைவிக்க விதி வகுத்த இலக்கண மரபுக்குச் சீன ஒலிகளுக்கு ஒரு முறை வகுத்தல் இயலாத செயலன்று.

முடிவுரை

ஆங்கிலவழி மொழிபெயர்ப்புகள் செய்த தொண்டு பெரிது; அவையின்றேல் சீனம் தமிழில் பண்டப்பெயராகவே நின்றிருக்கும். எனினும் கட்சி, ஞானம், சந்தை என்னும் மூன்று வாயில்களும் தத்தமக்கு வேண்டியதையே உள்ளே விட்டன. போராளியும் முனிவரும் கதைசொல்லியும் வந்தனர். தம் மரபை ஐயுற்று, தம்முள் வாதிட்டு, நம்மைப் பற்றியும் கருத்துரைத்த சிந்தனையாளர் வாயிலுக்கு வெளியே நின்றனர். காலிக் கல்வெட்டின் முறை நூல்களிலும் தொடர்ந்தது.

தமிழ்த்துறைகளில் ஒப்பிலக்கியம் பயிலும் ஆய்வாளர் ஒரு சிலரேனும் சீனம் கற்க வழிசெய்தல், லூ சுன், லியாங் ஷூமிங், கு ஜியேகாங் முதலியோரின் தேர்ந்த பகுதிகளை மூலத்திலிருந்து குறிப்புரையோடு பெயர்த்தல், பெயரெழுத்து நெறி வகுத்தல் ஆகிய மூன்றும் முதற்கண் செய்யத்தக்கவை. இன்று நிக்கோபார்க் கடல் பற்றிய பேச்சில் சீனம் பெரிதும் கப்பல்வழிப் போட்டியாளராகவே இடம்பெறுகிறது. அக்கடலின் தீவொன்றில், கொல்ல வந்தவரோடு அவர்தம் மொழியிலேயே உயிரைப் பற்றிப் பேசியவனைக் காப்பியமாக்கிய மொழிக்கு அண்டை நாகரிகத்தின் சிந்தனையை அதன் மொழியிலேயே கேட்கும் கடப்பாடு உண்டு.